தவளை முட்டையின் உட்கருவுக்குள் போன பச்சை

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் தங்கச்சி போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் சோறு தின்று வளர்ந்தார்கள். அதனால் யார் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்வேன். ஐந்து பேரும் படித்து வேலைக்குப் போனவர்கள். நான் படித்தது இரண்டாங்கிளாஸ். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், பாட்டிலில் ஒட்டியிருக்கிற சீட்டை எழுத்துக் கூட்டிச் சொல்வேன். இதை நானேதான் எழுதுகிறேன், பென்சிலால், முடிந்த அன்றைக்கு முடிந்த அளவு.

போன மாதம் எங்கள் காலேஜில் இருந்து சின்ன டீச்சர் ஒருத்தி வந்தாள். காலேஜ் பேர் வேண்டாம். பாபநாசத்தில் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் விலங்கியல் துறையில் ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவள்.

"இப்பல்லாம் நாங்க தவளை வெட்டுறதில்ல ஆயா. கம்ப்யூட்டர்ல காட்டிடறோம். தட்டு, ஊசி, மெழுகுப் பலகை எல்லாத்தையும் கழிச்சுப் போடப் போறாங்க" என்றாள்.

"தவளைக்கு நல்லதாப் போச்சு" என்றேன்.

அவள் சிரித்தாள். "கோமதி மேடம் காலத்துல உட்கரு வேலை நடந்துச்சாமே, அதை நீங்க எழுதுங்க. ஆண்டு மலர்ல போடுறோம்" என்றாள். நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். கேட்கட்டும் என்றுதான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது கூட்டிப் பெருக்க. அதற்கு முன்னால் நடவு, களை, அறுப்பு. கோமதி மேடத்துக்குத் தவளை வேண்டியிருந்தது, எனக்குத் தவளை இருக்கிற இடம் தெரியும். அப்படித்தான் துடைப்பத்தை வைத்துவிட்டு அவர் ரூமுக்குப் போனேன். கழுவுவது, காய்ச்சுவது, கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி இழுத்து ஊசியாக்குவது எல்லாம் ஒரு வருஷத்துக்குள் வந்துவிட்டது. கரு எடுக்கிற வேலை வருவதற்குத்தான் நாளானது.

மேடம் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்காரர். நிலபுலம் உள்ள வீட்டுப் பெண். என்னை "வாங்க அஞ்சம்மா, உக்காருங்க" என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். முதல் நாள் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நான் செய்தது சரியாக இருந்தால் அடுத்த வேலையை என் பக்கம் தள்ளி வைப்பார். தப்பாக இருந்தால் அதையே மறுபடி தள்ளி வைப்பார். அவ்வளவுதான். ஊசி முட்டைக்குள் இருக்கும்போது பேசக் கூடாது. மூச்சைப் பிடிக்கவும் கூடாது, "மூச்சைப் பிடிச்சா விடும்போது கை ஆடும், சாதாரணமா விடுங்க" என்பார். இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கும்போது எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

வேலை என்ன என்றால் இது. பெண் தவளையின் வயிற்றில் முட்டை கொத்துக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு முட்டையும் கடுகை விடக் கொஞ்சம் பெரிது. மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. தவளைக்கு மயக்க மருந்து கொடுத்து, அது உணர்வு இழந்த பிறகு கொத்தை எடுத்து, மேடம் கலக்கி வைத்த உப்புத் தண்ணீரில் போடுவோம். வெறும் தண்ணீரில் போட்டால் கரு ஊதி வெடித்துவிடும். பிறகு பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு முட்டையை இடுக்கியால் பிடித்து, கறுப்புப் பக்கத்தில் ஊசியால் ஒரு பொத்தல். பொத்தலைச் சுற்றி லேசாக அமுக்கினால் உள்ளே இருந்து ஒரு உருண்டை நழுவி வரும். வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாக இருக்கும். அதுதான் உட்கரு. கண்ணாலேயே பார்க்கலாம். மனுஷ உடம்பில் உள்ளதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னது, தவளை முட்டையில் இருப்பது மட்டும் இவ்வளவு பெரிது என்பார் மேடம். அதன் மேல் மஞ்சள் கரு மாவு மாதிரி ஒட்டியிருக்கும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் அதை உறிஞ்சி விட்டு, உறிஞ்சி விட்டுக் கழுவ வேண்டும். குழாயின் வாய் ஒரு மயிரிழை சின்னதாக இருந்தால் கரு கிழிந்துவிடும். பெரிதாக இருந்தால் மாவு போகாது.

ஒரு நாள் மேடத்திடம் கேட்டேன், "இதை எடுத்து என்னங்க பண்றோம்?"

அவர் தாளில் ஒரு வட்டம் போட்டார். வட்டம் முழுக்கப் புள்ளி வைத்தார். "இது உட்கருவோட சுவர். இந்தப் புள்ளியெல்லாம் துவாரம். ஆயிரக்கணக்குல இருக்கு. உடம்பு எப்படி இருக்கணும்ங்கிற சேதியெல்லாம் உள்ளே இருக்கு. சேதி நகல் எடுத்து வெளியே போகுது. வெளியே அதைப் பாத்துப் புரதம் செய்யுறாங்க. அதுல சில புரதம் திரும்ப உள்ளே வேலைக்கு வரணும். எது வரணும், எது வரக் கூடாதுன்னு யார் பாக்குறாங்க? அதுதான் என் கேள்வி."

"சின்னதா இருந்தா நுழையும், பெருசா இருந்தா நுழையாது. சல்லடை மாதிரி" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. சின்ன மூலக்கூறு தானாப் போயிட்டு வரும், அது உண்மை. ஆனா உள்ளே பெரிய பெரிய புரதமும் நிறைய இருக்கே? அது எப்படிப் போச்சு?"

எனக்கு எங்கள் ஊர்ப் பண்ணையார் வீடு ஞாபகம் வந்தது. அங்கே எங்கள் ஆட்கள் கொல்லைப்புறமாக மாட்டுக் கொட்டகை வரைக்கும்தான் போகலாம். "அப்ப அங்கயும் யார் வீட்டுப் பிள்ளைன்னு பாத்துத்தான் விடுவாங்களா?" என்று கேட்டேன்.

மேடம் பேனாவை வைத்துவிட்டார். "ஊர்க் கதையை இதுல ஏத்தாதீங்க அஞ்சம்மா. அந்தத் துவாரத்துக்கு யார் யாரோட பிள்ளைன்னு தெரியாது. உள்ளே செய்ய வேண்டிய வேலை எதுக்கு இருக்கோ அதை விடும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கரு எடுக்கப் படிந்து உட்கார்ந்தது அன்றைக்கு அப்புறம்தான்.

இனி அந்த வருஷத்தைச் சொல்கிறேன். புது ஆட்சி வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. நில உச்சவரம்பு, பினாமி, மனைப்பட்டா என்று டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. எங்கள் குடிசை மனைக்குப் பட்டா வந்துவிட்டது. கூலிதான் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் வயல் கூலிக்காரர் சங்கத்தில் இருந்தார். முந்தின அறுப்பில் பண்ணை வெளியூர் ஆள் இறக்கியதை மறித்ததற்கு ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவர்.

மேடத்துக்கும் அந்த வருஷம் நெருக்கடிதான். அவர் ரூமில் இருந்து இத்தனை நாளும் ஒன்றும் வெளியே வரவில்லை என்று துறைத் தலைவருக்கு மனக்குறை. லீவு முடிந்து காலேஜ் திறப்பதற்குள் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்றைக் காட்டாவிட்டால், ரூமை ஸ்டோர் ரூமாக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார். என் முகத்துக்கு நேராகவே சொன்னார். ரூம் போனால் நானும் போக வேண்டியதுதான். நான் அந்த ரூமின் கணக்கில் இருந்த ஆள். மறுபடி துடைப்பம் இல்லை, வயல்தான்.

செய்ய வேண்டியது தயாராகத்தான் இருந்தது. முந்தின சீசன் முழுக்க நான் எடுத்த கருவை எல்லாம் உடைத்து, அதற்குள் இருந்த புரதத்தில் மேடம் ஒரு சாயம் ஏற்றி வைத்திருந்தார். அந்தச் சாயத்தின் மேல் நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக மினுங்கும். மாட்டு ரத்தத்தில் எடுத்த புரதத்துக்கும் அதே சாயம் ஏற்றி இன்னொரு குப்பியில் வைத்திருந்தார். இரண்டும் பெரிய புரதம். இரண்டையும் முட்டைக்குள், கருவுக்கு வெளியே ஊசியால் ஏற்ற வேண்டும். பிறகு கருவை எடுத்துப் பார்த்தால் எது உள்ளே போனது என்று தெரிந்துவிடும். சாயம் ரொம்ப நாள் தாங்காது. வேண்டியது நல்ல முட்டை மட்டும்தான்.

அங்கேதான் சிக்கல். மழை பெய்துவிட்டால் பெண் தவளை முட்டை இட்டுவிடும். இடுவதற்கு முன்னாலேயே முட்டை பழுத்து, அந்தக் கருவின் சுவர் கரைந்துபோகும். பிறகு எதை எடுப்பது? மழைக்கு முன்னால் பிடிக்க வேண்டும். ஆனால் ஆற்றில் தண்ணீர் வராமல் வயல் காய்ந்து கிடக்கிற காலத்தில் தவளை எங்கே இருக்கும்? மோட்டார் தண்ணீர் பாய்கிற நாற்றங்காலில் இருக்கும். எங்கள் பக்கத்தில் அப்போது மோட்டார் ஓடியது பண்ணை வயலில் மட்டும்தான். அந்த வயலில்தான் வேலை நிறுத்தம். கூலி பேசி முடிகிற வரைக்கும் நம்ம ஆள் யாரும் பண்ணை வயலில் கால் வைக்கக் கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு. ஒரு பக்கம் கொடி, ஒரு பக்கம் போலீஸ் வேன்.

நான் சங்கத்து வீராசாமி அண்ணனிடம் நேராகப் போய்க் கேட்டேன். என் வீட்டுக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"கால் வைக்கக் கூடாதுன்னா வைக்கக் கூடாதுதான். அஞ்சம்மாவுக்குன்னு தனிச் சட்டமா?" என்றார் அண்ணன்.

"நான் நடவா நடப் போறேன்? தவளைதானே பிடிக்கப் போறேன்."

"கூலிக்குத்தானே பிடிக்கிறே?"

"காலேஜ் கூலி அண்ணே. பண்ணைக் கூலியா?"

"யார் கூலியா இருந்தாலும் கால் ஒண்ணுதான். இன்னிக்கு நீ தவளைக்கு இறங்குவே, நாளைக்கு ஒருத்தன் நண்டுக்கு இறங்குவான், மறுநாள் நாத்துக் கட்டு தூக்குவான்."

என் வீட்டுக்காரர் பீடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம்தான். ஆனால் அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவரே, "நீ இறங்க வேணாம். பொழுது சாய நாங்க கரையில நின்னு பிடிச்சுத் தர்றோம். உன் வேலையும் போக வேணாம், கட்டுப்பாடும் போக வேணாம்" என்றார்.

சொன்னபடி ஆம்பளைகள் ஒரு சாக்கு நிறையப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்கள். காலையில் முதல் பஸ்ஸில் ஏற்றினேன். "சாக்குக்கும் டிக்கெட் எடும்மா, அது பாட்டுப் பாடுது" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

ரூமில் போய் அவிழ்த்தோம். மேடம் ஒன்றை எடுத்துத் திருப்பித் தொண்டையைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாமே ஆண் அஞ்சம்மா. கத்துற சத்தத்தை வச்சுப் பிடிச்சிருக்காங்க. பெண் தவளை கத்தாது."

எங்கள் ஊரில் தவளை பிடிப்பது என்றால் சத்தத்தைக் கேட்டுத்தான் பிடிப்பார்கள். உதவி செய்கிற வேகத்தில் ரொம்பச் சத்தமாகக் கத்தினதாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். அத்தனையையும் குளத்தில் கொண்டுபோய் விட்டோம். மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது.

ஊருக்குத் திரும்பி வாய்க்கால் கரையில் விஷயத்தைச் சொன்னேன். என்னோடு நடவு நட்ட பட்டு அக்கா கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கத்துனதெல்லாம் ஆம்பளை. வயித்தைப் பாத்தா ஒண்ணுமில்ல. ஏண்ணே, நம்ம சங்கத்துலயும் இதே கதைதானே?"

வீராசாமி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "சரி, பொம்பளைங்களே பிடிங்க. கரையை விட்டு இறங்கக் கூடாது" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் நானும் பட்டு அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் வாய்க்கால் கரையில் வரிசையாக உட்கார்ந்தோம். நூலில் மண்புழுவைக் கட்டி, நாற்றங்கால் ஓரத்தில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் போடாத தவளை சத்தம் இல்லாமலேயே வரும். வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தால் அண்டாவில் போடுவோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம்.

பண்ணைக்கு வயலைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் குடையோடு வந்துவிட்டார்.

"ஏய் அஞ்சம்மா, யார் வயல்ல கை வைக்கிறே?"

"நான் கரையில உக்காந்திருக்கேங்கய்யா. கரை சர்க்காரோடது."

"தவளை எங்களோடது. எங்க நாத்தங்கால்ல பூச்சி தின்னு வளந்தது."

வேனில் இருந்த போலீஸ்காரர் ஒருத்தர் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை கூடினால் அண்டாவைக் கவிழ்த்துவிடுவார்கள். அண்டா கவிழ்ந்தால் ரூம் போச்சு.

"உங்களோடதுன்னா பேர் சொல்லிக் கூப்பிடுங்கய்யா. திரும்பி வந்துச்சுன்னா நான் தொடலை" என்றேன்.

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்த பிறகு காரியக்காரர், "வாய் நீளமாயிருச்சு உங்களுக்கெல்லாம், பட்டா வந்ததும் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையைத் திருப்பிக்கொண்டு போனார்.

அண்டாவின் வாயில் ஈரச் சாக்கு போட்டுக் கட்டி அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் பஸ் வரைக்கும் அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். "உடையாமப் போய்ச் சேரு" என்றார். தவளையைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா, தெரியாது. பஸ் பாபநாசம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் ரூமில் ஆரம்பித்தோம். வெளியே மழை விடவில்லை. நேற்றைய ஈரமும் இடியும் அந்த முட்டைகளைப் பழுக்க வைத்திருக்குமோ என்று எங்கள் இரண்டு பேருக்கும் பயம். சோதித்துப் பார்க்க முதல் முட்டையைப் பிடித்தேன், பொத்தல் போட்டேன், அமுக்கினேன். மஞ்சள் மாவுதான் வந்தது. இரண்டாவதும் அப்படியே. மேடம் வேறு தவளையின் கொத்தை என் பக்கம் தள்ளினார். அதில் ஒன்றை எடுத்துப் பொத்தல் போட்டு அமுக்கினேன். வந்தது பாருங்கள், முழு ஜவ்வரிசியாக, ஒரு கீறல் இல்லாமல்.

அதற்கப்புறம் மேடம் ஊசி போட்டார். அந்த வேலையில் அவர் கைக்கு என் கை கிட்டே கூட வராது. முட்டைக்கே தெரியாமல் ஏற்றுவார். இரண்டு தட்டு. எந்தத் தட்டில் மாட்டுப் புரதம், எதில் கருப் புரதம் என்று என்னிடம் சொல்லவில்லை. "தெரிஞ்சா உங்க கை ஒரு பக்கம் சாயும்" என்றார். முட்டைகளை அப்படியே விட்டு வைத்தோம். பிறகு நான் ஒவ்வொன்றாகக் கருவை எடுத்து, குழாயில் உறிஞ்சிக் கழுவி, தட்டு தட்டாக வரிசை வைத்தேன்.

துறைத் தலைவரைக் கூப்பிட்டு அனுப்பினார் மேடம். அவர் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார். ஜன்னலைச் சாத்தினோம். நீல வெளிச்சம் விட்டு அவர் குனிந்து முதல் தட்டைப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையேம்மா. இருட்டா இருக்கு."

"அது மாட்டுப் புரதம் சார். உள்ளே போகலை."

மேடம் அடுத்த தட்டை வைத்தார். துறைத் தலைவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"பச்சையா இருக்கு" என்றார் ஒரு வழியாக. பிறகு, "ஆனா சாயம் வெளிப்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கலாமே கோமதி? கழுவினது சரியா இல்லைன்னா?"

கழுவினது நான். எனக்குச் சுருக்கென்று பட்டது. மேடம் கோபப்படவில்லை. "நியாயமான சந்தேகம் சார்" என்றார். "அஞ்சம்மா, ஒண்ணை அவர் கண் முன்னாடியே உடைங்க."

இரண்டு பேர் பார்க்கிற பூதக்கண்ணாடியில் ஒரு பக்கம் அவர் பார்க்க, மறு பக்கம் பார்த்து நான் ஊசியை வைத்தேன். மூச்சைப் பிடிக்கவில்லை. சுவரைக் கிழித்து ஓரமாக ஒதுக்கினேன். உள்ளே இருந்தது கஞ்சி மாதிரி கொஞ்சமாக வழிந்தது. வழிந்ததெல்லாம் பச்சை. ஒதுக்கி வைத்த சுவரில் ஒன்றுமில்லை. என்னையும் நன்றாகப் பார்க்கச் சொன்னார் மேடம். முளைத்த நாற்றின் பச்சை. பெரிய புரதம்தான், மாட்டுப் புரதம் போலவே பெரிதுதான். ஆனால் வெளியே கொண்டுபோய் விட்டதும் அது தன் இடம் தெரிந்து அத்தனை துவாரத்தில் எதிலோ புகுந்து உள்ளே போய்விட்டிருக்கிறது. மற்றது வாசலிலேயே நின்றுவிட்டது.

"ஸ்டோர் ரூமுக்கு வேற இடம் பாக்கச் சொல்றேன்" என்றார் துறைத் தலைவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் போனார்.

மேடம் மீதி இருந்த முட்டைகளை என் பக்கம் தள்ளி வைத்தார். அது முடிகிற வரைக்கும் வேலை பார்த்தோம்.

அந்த நடவுக்குள் கூலியும் பேசி முடிந்தது. கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை, கிடைத்தது குறைவும் இல்லை. நான் அந்த ரூமிலேயே நிரந்தரமாகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு இறங்கினேன். வேறு வேறு ஊரிலும் பெரிய பெரிய இடங்களில் இதே மாதிரி பார்த்திருக்கிறார்கள் என்று மேடம் பிறகு சொன்னார். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. என் கண்ணால் நான் பார்த்தது என்னுடையதுதானே.

இப்போது இன்னும் நிறையத் தெரிந்துவிட்டதாம். உள்ளே போக வேண்டிய புரதத்தின் உடம்பிலேயே ஒரு சின்ன அடையாளம் இருக்கிறதாம். அதைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வருவதற்கென்றே வேறு புரதங்கள் இருக்கிறதாம். வெளியே அனுப்புவதற்கும் அப்படியே ஆள் உண்டாம். சின்ன டீச்சர் சொன்னாள். "சுமக்குற வேலை அங்கயும் உண்டா?" என்று கேட்டேன். "அதுங்க இல்லைன்னா ஒண்ணுமே நடக்காது ஆயா" என்றாள். கேட்க நன்றாக இருந்தது.

சின்ன டீச்சரிடம் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். கயல், என் பேத்தி, இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார். துறைத் தலைவர் குனிந்து பார்க்கிற இடத்தில் இருந்து சத்தமாகப் படி. அவர் நிமிராமல் இருக்கிற இடத்தில் நீயும் கொஞ்சம் நிறுத்து.